வாசனை வராத பேனா

நாக்கின் இடது ஓரத்தில் புண் வந்தபோது, பல் குத்தியிருக்கும் என்றுதான் வாய்ப்புற்று மருத்துவப் பேராசிரியர் நினைத்தார். ஊரார் வாயையெல்லாம் விளக்கடித்துப் பார்த்த மனுஷனுக்குத் தன் வாய் என்றதும் கண் அவிந்துபோயிற்று. சோதித்தபோது புற்று. சிகிச்சை பலிக்காவிட்டால் பாதி நாக்கை வெட்டியாக வேண்டும். வகுப்பில் எழுப்பி நிறுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேட்டே பெயர் வாங்கியவர் அவர். அந்த நாக்கே போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

சிகிச்சை அவரே கண்டுபிடித்ததுதான். ஒளி பட்டால் வேலை செய்யும் மருந்தை, கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களில் ஏற்றிக் கட்டிக்குள் செலுத்துவார்கள். பிறகு பேனா போன்ற கருவியால், மின்னேற்றிய வாயுவான குளிர் பிளாஸ்மாவைப் பீய்ச்சுவார்கள். அது சுடாது, புற்றணுவின் தோலைத் தளர்த்தித் துகள்களை உள்ளே விடும். கடைசியில் சிவப்பு ஒளி. பிளாஸ்மா இல்லாவிட்டால் துகள்களில் பாதி வாசலிலேயே நின்றுவிடும். அப்புறம் ஒளியடித்து என்ன பிரயோஜனம்?

ஆனால் எல்லாம் இன்னும் சோதனை நிலையில்தான். குலுக்கலில் பாதிப் பேருக்கு நிஜப் பிளாஸ்மா. மீதிப் பேருக்கு அதே பேனா, அதே சீறல், அதே குளிர்ச்சி, உள்ளே வெறும் வாயு. கண்ணைக் கட்டிவிடுவதால் பிளாஸ்மாவின் ஊதா வெளிச்சமும் தெரியாது. யாருக்கு எது என்பது பேனா பிடிப்பவருக்கு மட்டுமே தெரியும். அந்த விதியை எழுதியவர் பேராசிரியர். தனக்கென்று வந்ததும், குலுக்கல் வேண்டாமே என்று குழிவிழுந்த முகத்தோடு கெஞ்சிப் பார்த்தார். ஆராய்ச்சிக் குழு மசியவில்லை.

அந்தப் பேனாவைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் கட்டடத்தில் இரண்டே பேர். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். இன்னொருத்தி, எல்லோரும் கருவியம்மா என்று கூப்பிடும் அவருடைய உதவியாளர்.

கருவியம்மாவின் வீட்டுக்காரரும் போன வருஷம் இதே நாற்காலியில் படுத்தவர். சொந்தப் புருஷன் என்பதால் அன்று பேனாவைப் பேராசிரியரே பிடித்தார். பாதியில் அந்த மனிதர் கையைத் தூக்கினார். "சார், வாசனை வரலையே. என் சம்சாரம் வீட்டுக்கு வந்தா துணியில ஒரு காட்டமான வாசனை வரும். அது வரலை."

நிஜப் பிளாஸ்மா காற்றில் பட்டால், ஜெராக்ஸ் மிஷின் சூடேறினாற்போல ஒரு நெடி அடிக்கும். பேராசிரியர் அதை யோசித்தே பார்த்ததில்லை.

"மூக்கடைச்சிருக்கும். வாயைத் திறங்க," என்றார்.

கதவோரம் நின்றிருந்த கருவியம்மா உள்ளே ஓடி வந்தாள். "ஒரு சுவிட்ச்தான் சார், நிஜத்துக்குத் தட்டி விட்டுடுங்க."

"சொந்தக்காரனுக்கு ஒரு விதி, ஊருக்கு ஒரு விதின்னா இது ஆராய்ச்சியா, உங்க வீட்டு அடுப்படியா?"

இரண்டே மாதத்தில் அவள் வீட்டுக்காரரின் நாக்கை எடுத்துவிட்டார்கள்.

இப்போது பேராசிரியர் காத்திருந்தார். சீறல் கேட்டது. நாக்கில் குளிர்ச்சி பட்டது. மூக்கை உறிஞ்சினார். ஒன்றுமில்லை. இன்னொரு முறை உறிஞ்சினார். அவளுடைய கையுறையின் ரப்பர் வாசனைதான் வந்தது. கையைத் தூக்கினார். பற்களுக்கு நடுவே வைத்திருந்த வாய்க்கட்டையை அவள் பொறுமையாக எடுத்தாள்.

"வாசனை வரலையேம்மா."

அவள் வாய்க்கட்டையைத் துடைத்துத் தட்டில் வைத்தாள்.

"குலுக்கல்ல அந்தப் பக்கம் விழுந்துட்டேனா? ஒரு சுவிட்ச்தானம்மா, யாருக்குத் தெரியப் போகுது? அன்னிக்கு நான் பேசினது தப்பு. உன் கால்ல வேணா விழறேன்."

சுவிட்ச் அவள் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் 'கிளிக்' சத்தத்துக்காகக் காத்திருந்தார். சத்தம் வரவில்லை.

"வீட்டுக்காரர் வெளியே உட்கார்ந்திருக்கார் சார். இன்னிக்கு உங்களுக்குன்னு சொன்னேன். நானும் வர்றேன்னு எழுதிக் காட்டினார்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"மூக்கடைச்சிருக்கும் சார்," என்றாள். "வாயைத் திறங்க."

வெறும் ஒளியாவது கிடைக்கட்டும் என்று பேராசிரியர் வாயைத் திறந்தார்.