மூச்சுக்குத் தனி விலை

ஆடிப்பூரத்து ஊஞ்சல் ஜகதீசன் வீட்டு உபயம். மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து எழுப்பிய சின்னப் பெருமாள் கோயில் அது. உற்சவ நாட்களைக் குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டபோது, ஆண்டாள் ஊஞ்சலாடும் நாள் ஜகதீசனின் அப்பாவுக்கு வந்தது. அவருக்குப் பின் ஜகதீசனுக்கு. அன்றைக்குப் பூ, பிரசாதம், மேளம் எல்லாம் அந்த வீட்டுப் பொறுப்பு. ஊஞ்சலின் வெள்ளைக் கயிற்றைப் பிடிக்கும் கையும் அந்த வீட்டுக் கைதான். ஒரு வருஷம் குறை வந்தால் அந்த நாளை வேறொரு குடும்பம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்பதற்கு ஆள் இல்லாமலும் இல்லை. கட்டட கான்ட்ராக்டர் ரத்தினசாமி மூன்று வருஷமாக அந்த நாளின் மேல் ஒரு கண் வைத்திருந்தார். அவர் கெட்டவர் அல்லர். வசதியும் ஆசையும் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

அந்த மாலை எப்படி இருக்கும் என்பது ஜகதீசனுக்குக் கண்ணை மூடினால் வந்துவிடும். வெளியே சாரல். உள்ளே மல்லிகையும் நெய்விளக்கும். தவில் ஓய்ந்துவிடும். சுருதிப்பெட்டியின் ரீங்காரத்தின் மேல், சாமராஜநகரிலிருந்து வரும் முரளிதரன் நாகஸ்வரத்தில் தாலாட்டு ராகமான நீலாம்பரியை மெல்ல இறக்குவார். ஒரு இழை நீண்டு, வளைந்து, கரையும். அது கரைந்த இடத்தில் சங்கிலி ஒரு தரம் முனகும். ஊஞ்சல் எழுந்து போகும். அது திரும்பி வரும்போது அடுத்த இழை தொடங்கியிருக்கும். கோயிலே உறக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் மிதக்கும்.

இந்த வருஷம் முரளிதரனுக்கு முன்பற்கள் போயின. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டாராம். ஊதும் சீவாளியைப் பிடிக்க உதட்டுக்குப் பின்னால் பல் வேண்டும். புதுப் பல் கட்டிப் பழக மாதங்கள் ஆகும் என்று போனில் அழாத குறையாகச் சொன்னார். ஆடிமாதம்; ஊரில் உள்ள நாகஸ்வரக்காரர்கள் எல்லோரையும் ஏதாவதொரு கோயில் முன்பே பேசிவைத்திருந்தது. ரத்தினசாமி கோயில் வாசலில் ஜகதீசனைப் பார்த்து, தேவைப்பட்டால் சேலத்திலிருந்து ஒரு செட்டையே தாம் வரவழைத்துத் தருவதாகப் பணிவாகச் சொன்னார். அந்தப் பணிவுதான் ஜகதீசனுக்குச் சுட்டது. எங்கள் வீட்டு மேளம் எங்கள் வீட்டிலிருந்தே வரும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். எப்படி வரும் என்பது வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அவருக்கே தெரியவில்லை.

வழியை அவர் மனைவி சீதாலக்ஷ்மிதான் காட்டினாள். காட்டிய இடம் கூடத்து மூலை. அங்கே மருமகள் ஜீவிதாவின் கீபோர்டு, ஜகதீசன் ஓய்வுபெற்றபோது போர்த்தப்பட்ட சால்வையின் கீழ் படுத்திருந்தது.

ஜீவிதா மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைவிடக் கன்னடம் சரளம். கல்யாணத்துக்கு முன் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தாள். நம் வீட்டுப் பெண் மேடையில் உட்கார வேண்டாம் என்று ஜகதீசன் ஒரே ஒரு தரம்தான் சொன்னார். அதற்குப் பிறகு அவள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டாள். இந்தத் தசராவுக்கும் அந்தக் குழு அவளைக் கூப்பிட்டிருந்தது. அவள் பதில் சொல்லாமல் வைத்திருந்தாள். இப்போது மாமனாரே கூப்பிட்டு, சந்நிதியில் வாசிக்க வருமா என்று கேட்டபோது அவள் சிரிக்கவில்லை. அதை அவர் கவனித்தார். கோயில் மேடை ஆகாது, அது சேவை என்று அவரே ஒரு விளக்கமும் சேர்த்துக்கொண்டார்.

முதலில், கீபோர்டோடு வந்த ஷெனாய் டோனில் வாசித்துக் காட்டினாள். சீதாலக்ஷ்மி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, சளி புடிச்ச ஆட்டுக்குட்டி கணக்கா இருக்குதே. ஆண்டாள் தூங்குவாளா, எந்திரிச்சு ஓடுவாளா?”

நல்ல நாகஸ்வர டோன் தனியாக விலைக்குக் கிடைக்கும் என்றாள் ஜீவிதா. ஒரு வித்வானை உட்காரவைத்து, ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாகவும் அழுத்தமாகவும் பல தினுசில் ஊதச் சொல்லிப் பதிவு செய்திருப்பார்கள். அதைக் கீபோர்டில் ஏற்றிக்கொண்டால் விரல் பட்ட இடத்தில் அவர் ஊதியது வரும். பெங்களூரில் வேலையிலிருந்த மகன் பிரசாந்த், ஒரு சத்தத்துக்கு இவ்வளவா, இருப்பதை வைத்து ஒப்பேற்றலாமே என்று போனில் சொன்னான். ஒப்பேற்றுவது என்ற சொல் ஜகதீசனுக்குப் பிடிக்காது. மறுநாளே மருமகளை அழைத்துக்கொண்டு சிவராம்பேட்டைக்குப் போனார்.

பசவராஜின் இசைக்கருவிக் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. பசவராஜ் இரண்டு டோன் பேக்குகளைப் பற்றி எடுத்துச் சொன்னார். சின்னது ஒரு நல்ல பட்டுப்புடவை விலை. பெரியதற்கு அதைப்போல் மூன்று மடங்கு. முதலில் சின்னதைப் போட்டுக் காட்டினார். கடையின் மங்கலான வெளிச்சத்தில், தொங்கும் கிடார்களுக்கு நடுவே, நாகஸ்வரம் எழுந்தது. ஜகதீசன் கையிலிருந்த குடையைச் சுவரோடு சாய்த்தார். கண்ணெதிரே ஆள் இல்லை, சீவாளி இல்லை. ஆனால் அதே வெண்கல வாசனையுள்ள குரல். எங்கோ ஒரு வித்வான் ஒரு மூடிய அறையில் ஊதியது, அவர் எழுந்து போன பிறகும் போகாமல் இங்கே காத்திருந்தது போல் இருந்தது. விலை சரிதான் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டார்.

பிறகு பசவராஜ் பெரியதைப் போட்டார். குரல் அதேதான். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஹ்ஹா என்று ஒரு சத்தம் வந்தது.

“அது என்ன?”

“மூச்சு சார். நிஜ ஆள் ஊதற மாதிரியே இருக்கும். பெரிய பேக்ல மட்டும்தான் ஹாக்கிதாரே, போட்டிருக்காங்க.”

“மூச்சுக்குத் தனி விலையா?”

“எல்லாத்துக்கும் தனி விலைதானே சார்.”

ஜகதீசனுக்கு முகம் சுருங்கியது. பெருமாள் சந்நிதியில் இரைப்புச் சத்தம் மரியாதை இல்லை. வித்வான் மூச்சு வாங்குவது அவருடைய சங்கடம். அதை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? பெரியது நன்றாக இருக்கிறதே மாமா என்று ஜீவிதா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அவர் சின்னதை எடுத்து வைக்கச் சொன்னார்.

“சரி மாமா, சும்மனே கேட்டேன்” என்றாள் அவள், கன்னடமும் தமிழுமாக.

வீட்டுக்கு வந்ததும் இன்னொன்றும் சொன்னார். போன வருஷம் வேறொரு வீட்டு உபயத்தில் ஒரு பையன் கீபோர்டு வாசித்தான். திக்கித் திக்கி, நடுநடுவே விட்டுவிட்டு. நம் வீட்டு வாசிப்பு அப்படி இருக்கக் கூடாது. “இழை அறுந்துபோகவே கூடாது. எண்ணெய் ஊத்துற மாதிரி ஒரே ஒழுக்கா இருக்கணும்.”

ஜீவிதா அப்படியே பழகினாள். ஒரு விரல் எழுவதற்குள் அடுத்த விரல் இறங்கிவிடும். பகல் வேளைகளில் ஜகதீசன் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கேட்பார். நீலாம்பரி அறுபடாமல் வழிந்துகொண்டே இருக்கும். அதில் அவர் எங்கெங்கோ போவார்: நீண்ட தாழ்வாரம், கதவே இல்லாத தாழ்வாரம், தூரத்தில் சாமுண்டி மலை மேகத்துக்குள் போய்க்கொண்டிருப்பது. விழிக்கும்போது வலது கை மட்டும் நாற்காலியின் கையிலிருந்து சற்று எழும்பி அந்தரத்தில் நிற்கும். வயசாகிறது என்று அதை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார்.

ஆடிப்பூரத்தன்று சாரல் தவறாமல் வந்தது. ஆண்டாள் பச்சைப் பட்டில் ஊஞ்சலில் எழுந்தருளினாள். பட்டரின் மைக், கயிறு பிடிக்கும் இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. தூணோரம் கீபோர்டு, அதன் பின்னால் ஜீவிதா, தலை குனிந்து. ரத்தினசாமி முன்வரிசையில் கைகூப்பி நின்றார். ஜகதீசன் அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டி, அப்பா நின்ற கல்லில் நின்று, கயிற்றை வாங்கிக்கொண்டார்.

பட்டர் முதல் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஊஞ்சல் எழுந்தது. நாகஸ்வரம் எழுந்தது.

கூட்டத்தில் ஒரு அசைவு போயிற்று. சிலர் வித்வான் எங்கே என்று திரும்பித் தேடினார்கள். ஜகதீசனின் நெஞ்சு நிமிர்ந்தது. ஊஞ்சல் போயிற்று, வந்தது. இழை நீண்டது. ஊஞ்சல் போயிற்று, வந்தது, முன்னைவிடச் சிறிதாக. இழை வளைந்து இன்னொரு இழையாயிற்று. அவர் கை கயிற்றோடு அந்தரத்தில் நின்றது.

கை வரவில்லை.

இத்தனை வருஷமும் அந்தக் கையை இழுக்க வைத்தது எது என்று அவர் யோசித்ததே இல்லை. யாரும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை; அப்பா அப்படித்தான் இழுத்தார், அவரும் இழுத்தார். முரளிதரன் மூச்சு வாங்கும்போது கை கீழே வரும். முரளிதரன் ஊதும்போது கை சும்மா இருக்கும். பாட்டின் நடுவே கயிற்றைச் சுண்டுவது, பேசிக்கொண்டிருப்பவர் வாயில் கை வைப்பதற்குச் சமம். இன்று பாட்டுக்கு நடுவே தவிர வேறு இடமே இல்லை. கதவில்லாத அந்தத் தாழ்வாரம் போய்க்கொண்டே இருந்தது. அவர் கதவுக்காகக் காத்திருந்தார்.

ஊஞ்சல் ஒரு சாண் ஆடியது. பிறகு விரற்கடை. விளக்கின் சுடர்கூட நிமிர்ந்து நின்றுவிட்டது. சீதாலக்ஷ்மி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ரத்தினசாமியின் கூப்பிய கைகள் மெல்லக் கீழே இறங்கின. உபய நாளில் ஆண்டாளின் ஊஞ்சல் நின்றது என்றால் அதைக் குறை என்று சொல்ல யாருக்கும் நாக்குக் கூசாது. ஜீவிதாவோ மாமனார் சொன்னதைச் சொன்னபடி செய்துகொண்டிருந்தாள். எண்ணெய் ஒழுக்கு, ஒரு துளி விடாமல்.

கயிறு பிடித்தவர் சந்நிதியில் வாய் திறக்கக் கூடாது. நிறுத்து என்று சொல்ல முடியாது. ஜகதீசன் அவளைப் பார்த்தார். அவள் நிமிர்ந்த ஒரு கணத்தில், ஊரறிய, உரக்க, நெஞ்சு விம்ம, அவர் மூச்சை இழுத்தார்.

ஹ்ஹா.

பட்டரின் மைக் அதைப் பிடித்துக் கோயில் முழுக்கக் கொடுத்தது. ஜீவிதாவின் கண்கள் விரிந்தன. மாடிப்படிக்கு அடியில் கேட்ட சத்தம். அவள் பார்வை அவர் முகத்திலிருந்து கயிற்றுக்கும், கயிற்றிலிருந்து அசையாத ஊஞ்சலுக்கும் போயிற்று. இரண்டு கைகளையும் மேலே எடுத்தாள்.

நிசப்தம். சுருதிப்பெட்டி மட்டும். கை தானாகக் கீழே வந்தது. சங்கிலி முனகியது. ஆண்டாள் எழுந்து போனாள்.

அவள் திரும்பி வரும்போது அடுத்த இழை தொடங்கியிருந்தது. அது முடியும் இடத்தில் ஜகதீசன் மறுபடி மூச்சு வாங்கினார், ஜீவிதா விரலை எடுத்தாள், ஊஞ்சல் போயிற்று. நாலைந்து தரத்துக்குப் பிறகு யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பது போய்விட்டது. இழை, மூச்சு, சங்கிலி, மல்லிகை, மறுபடி இழை. கூட்டம் நின்றபடியே தூக்கத்தின் கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு குழந்தை அம்மாவின் தோளில் நிஜமாகவே தூங்கிவிட்டது. தம் மூச்சு இரைவதைக் கோயிலே கேட்கிறது என்பதை ஜகதீசன் அறிந்திருந்தார். நெற்றி வியர்த்தது. முதுகு மட்டும் வளையவில்லை.

தீபாராதனை முடிந்து, பட்டர் வழக்கம்போல் பரிவட்டத்தை அவர் தலையில்தான் கட்டினார். ரத்தினசாமி பிரசாதத்தோடு அருகே வந்தார்.

“முதல்ல கொஞ்சம் பயந்துட்டேன் சார். அப்புறம் பாத்தா அமோகம். மூச்செல்லாம்கூட வருதே, அதையும் கடையில வாங்குனீங்களா?”

ஜகதீசன் பொய் சொல்கிறவர் அல்லர்.

“மூச்சு கடையில வாங்கலை. வீட்டுலேர்ந்து கொண்டுவந்தது.”

ரத்தினசாமிக்குப் புரிந்ததோ என்னவோ, அடுத்த வருஷம் பூவுக்கு மட்டுமாவது தம்மைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். யோசிக்கலாம் என்றார் ஜகதீசன்.

திரும்பும்போது ஆட்டோவில் கீபோர்டு மூவரின் மடியிலும் குறுக்கே கிடந்தது. சாரலில் தெருவிளக்குகள் கரைந்து ஓடின. அவருக்கு இன்னும் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, எதிரே பார்த்தபடியே கேட்டார்.

“பெரிசை வாங்கியிருந்தா இந்தச் சங்கடம் இல்லை. அப்படித்தானே?”

ஜீவிதா கீபோர்டு சரியாமல் பிடித்துக்கொண்டாள்.

“இல்ல மாமா. அதுலயும் நான் விரலை எடுத்தாத்தான் மூச்சு வரும். நீங்கதான் எடுக்கவே கூடாதுன்னீங்க.”

சீதாலக்ஷ்மி வெளியே எதையோ மும்முரமாகப் பார்க்கத் தொடங்கினாள். ஜகதீசன் அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு, வீட்டு முனை வரும்வரை வைத்திருந்தார். அவர் வலது கை, கீபோர்டின் மேல், ஒரு ஊஞ்சலின் கதியில் லேசாகப் போய் வந்துகொண்டிருந்தது.

“அந்தத் தசராக்காரங்களுக்குப் பதில் சொல்லிட்டியா?”

“இன்னும் இல்ல மாமா.”

“கூப்பிட்டவங்களை அப்படிக் காக்கவைக்கக் கூடாது. வர்றேன்னு சொல்லிடு.”

வீட்டில் கீபோர்டை மூலையில் வைத்தார்கள். சால்வை நாற்காலியில் கிடந்தது. அவர் அதை எடுத்து உதறி, சாரலில் நனைந்த தம் தோளில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.