ஒட்டாமல் விட்ட ஓரம்

வெல்டர் கப்பல் பட்டறை வேலைக்குக் கடல் கடந்து போன சில மாதங்களில், அவருடைய கட்டைவிரல் மட்டும் மதிய வேளைகளில் வீட்டுக்கு வந்து மனைவியின் இடது இமையை மூடிவிட்டுப் போகத் தொடங்கியது. விரல் கண்ணுக்குத் தெரியாது. இமையில் சிறு பள்ளம் விழும், இமை இறங்கும், சூடுபட்ட இரும்பின் வாசனை அறையில் சற்று நேரம் நிற்கும். கட்டைவிரலா, ஆள்காட்டி விரலா என்று முதலில் சந்தேகம் இருந்தது. கண் களிம்பில் பதிந்த ரேகைக்குக் குறுக்கே அவர் கட்டைவிரலின் பழைய தீக்காயத் தழும்பு தெரிந்ததும் அது தீர்ந்தது.

அவர் புறப்படுவதற்கு முந்தைய வருடம், ஒரு காலையில் அவள் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக ஒழுகியது. கண்ணாடியில் முகத்தின் இடது பாதி தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கண் மட்டும் மூட மறுத்தது. பகலில் சொட்டு மருந்து, படுக்கும்முன் களிம்பு, இமையை மூடி அதன்மேல் டேப் என்றார் கண் டாக்டர். அவளுக்கு ரொட்டிக்கடையில் மாவு பிசையும் வேலை. விடியும்முன் போய் உச்சி வெயிலில் திரும்பித் தூங்குவாள். மாவுத்தூள் படாமலிருக்கக் கணவரின் பக்கமறைப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “மோட்டார் சைக்கிளை எங்கம்மா நிறுத்தியிருக்க?” என்று முதலாளி தினமும் கேட்பார். வெல்டர் சாப்பாட்டுக்கு வரும்போது களிம்பு தடவி, இமையை விரலால் மூடி, டேப் ஒட்டிவிட்டுப் போவார். “முதல்ல மூடணும், அப்புறம்தான் ஒட்டணும். திறந்த கண்ணுல டேப் பட்டா அதுவே கீறிடும்.”

அவர் போனபிறகு அவளே ஒட்டிக்கொண்டாள். ஒருநாள் அசதியில் டேப் ஒட்டாமல் களிம்போடு படுத்துவிட்டாள். அன்றுதான் விரல் முதன்முதலாக வந்தது. மறுநாளிலிருந்து அவள் வேண்டுமென்றே டேப்பைத் தொடவில்லை. சன்னலோரம் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் நாத்தனாருக்குத்தான் பொறுக்கவில்லை. “கூடப் பொறந்தவ ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என் தலையில ஒரு குட்டு வெச்சுட்டுப் போகணும்னு அண்ணனுக்குத் தோணுதா பாருங்க!”

விரல் மூடிவிட்டுப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் இமை, பழுதான கடை ஷட்டர் போல மெல்ல மேலேறும். கண் சிவந்தது, மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. கருவிழியில் புண் வந்துவிட்டது, இப்படியே விட்டால் பார்வை போய்விடும் என்றார் டாக்டர். டேப் ஏன் போடவில்லை என்று கேட்டார். கூட வந்த நாத்தனார் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். டாக்டர் ஆச்சரியப்படவில்லை.

“வர்ற விரல் நீங்க எழுந்திருக்கிற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு இருக்குமா?”

“இல்லைங்க, மூடிட்டுப் போயிடும்.”

“அப்போ டேப் போடுங்க.”

வீடு வந்ததும் அவள் வாசலில் நின்று, “கதவு சாத்தியிருந்தா வந்தவர் திரும்பிப் போயிடுவாரே” என்றாள்.

“யாரு, எங்கண்ணனா? வெல்டர் அண்ணி அவன். ஒட்டியிருக்கிறதைப் பார்த்தா, இது பத்தாதுன்னு மேல ரெண்டு வெல்டிங் பொட்டு வெச்சுட்டுத்தான் போவான்.”

அன்று அவள் இமையை மூடி டேப்பை ஒட்டினாள். விரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. புண் ஆறியது, சிவப்பு வடிந்தது, டாக்டர் பாராட்டினார். அவளோ இரும்பு வாசனைக்காகத் தலையணையை மோந்து பார்த்தாள். அந்த மாதக் கடைசியில், அசதியில் டேப்பின் வெளி ஓரத்தைச் சரியாக அழுத்தாமல் தூங்கிப்போனாள். எழுந்தபோது அந்த ஓரம் கன்னத்தோடு இறுக ஒட்டியிருந்தது. மேலே ரேகை, குறுக்கே தழும்பு.

இரண்டு வருடம் என்று போனவர் வரவில்லை. ஃபோன் நின்றது. பட்டறையை மூடிவிட்டார்கள் என்றார்கள், வேறு துறைமுகம் என்றார்கள். நாத்தனார் கல்யாணமாகிப் போனாள். போகும்போது நடுவகிட்டைத் தேய்த்துக்கொண்டு, “வலிக்குது, குட்டு வெச்சுட்டான்” என்று சிரித்தாள், அழுதாள். வெல்டரின் மனைவியின் முகம் பாதி பழைய நிலைக்குத் திரும்பியது, இமை முக்கால்வாசி இறங்கப் பழகியது. மிச்சத்துக்கு இன்றும் களிம்பு பூசி, இமையை மூடி, டேப் ஒட்டுகிறாள். வெளி ஓரத்தை மட்டும் அழுத்துவதில்லை. அது அவருடைய வேலை.