கடைசி பெஞ்சுக்காரி

எங்கள் கிளாரண்டன் மலைச் சபையில் கல்யாணமாகாத பெண்ணுக்கு வயிறு தெரிந்தால் கடைசி பெஞ்சுதான். பாடக்கூடாது, திருவிருந்து அப்பம் தொடக்கூடாது. பிள்ளைக்கு ஒரு வயதானபின் பாஸ்டர் அவளைக் கைகொடுத்து முன்னே அழைப்பார். பிள்ளைக்கும் அன்றைக்குத்தான் ஆசீர்வாதம். காரணமானவனுக்கு வயிறு தெரியாதே, அவனுக்கு எந்த பெஞ்சும் கிடையாது.

என் மகள் மார்வலின் பாட்டுக்குழுவை நடத்தியவள். அவளைப் பின்னுக்கு அனுப்பிய ஞாயிறன்றும் காரணமான க்ளீவ்லண்ட் முன்வரிசையில் ட்ரம் அடித்துக்கொண்டிருந்தான். பிள்ளை தன்னுடையதில்லை என்று அவன் சொன்ன ஒரு வார்த்தை பாஸ்டருக்குப் போதுமாயிருந்தது.

குழந்தை ஒபதியா தவழத் தொடங்கிய மாதம் காய்ச்சலில் போய்விட்டான். வீட்டுச் சீமைப்பலா மரத்தடியில், என் அப்பாவின் பக்கத்தில் குழி வெட்டினோம். பாஸ்டர் பார்ட்லி வந்தார்.

"சபைக்குள்ள கொண்டுவர முடியாது சிஸ்டர் இசில்டா. ஆசீர்வாதம் பண்ணாத புள்ள. இங்கயே சின்னதா ஜெபம் பண்ணிடறேன்."

"பண்ணாம விட்டது யாரு பாஸ்டர்?"

அவர் பைபிளைப் புரட்டினார். மார்வலின் மெதுவாகக் கேட்டாள். "மண்ணு போடறதுக்கு முன்னால ஒரு பாட்டு பாடிக்கவா? அதப் பாடித்தான் அவனத் தூங்க வைப்பேன்."

"உனக்குத் தடை முடியலியேம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க வீட்டு மரத்தடியில பாடக்கூடாதுன்னு சொல்ல இவரு யாருடி? நீ பாடு."

"விடும்மா. மீறினா தண்டனைய மொதல்லருந்து ஆரம்பிப்பாங்க." மறுபடி முன்னால் நின்று பாடவேண்டும் என்ற ஒரே ஆசையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாட்டில்லாமல் மண் விழுந்தது.

அடுத்த வியாழனன்று பாஸ்டர் மறுபடி வந்தார். புதினாத் தேநீர் கொடுத்தேன்.

"நல்ல செய்தி சிஸ்டர். மூப்பருங்க கூடிப் பேசினோம். இப்பதான் புள்ள இல்லியே. ஞாயித்துக்கிழமை மார்வலின் முன்னால வந்து பாடட்டும்."

"டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க பாஸ்டர்," என்றேன்.

அதற்குப்பின் நாங்கள் சபைக்குப் போகவில்லை. ஞாயிறுக்கென்று வைத்திருந்த என் வெள்ளைத் தொப்பியில் கோழி முட்டையிடுகிறது. கடவுள் இருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. விடிந்ததும் மரத்தடியில் மண்டியிட்டு அவரோடு பேசுகிறேன், திட்டவும் செய்கிறேன்.

ஒருநாள் மார்வலினையும் கூட்டிப்போய், "இப்பப் பாடேன், கேக்க யாருமில்ல," என்றேன்.

வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

"கேக்க வேண்டியவன் போயிட்டானேம்மா."