எலைன் அழித்த வரி

மனைவி எலைனின் முனைவர் பட்ட ஆய்வுரையைக் கேட்பதற்காகவே அட்ரியன் அன்று லீவு போட்டிருந்தான். சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிறவன். ஜொகூர் பாரு பல்கலைக்கழக அரங்கில், கடைசி வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்தான் எலைனின் படிப்பு. அப்படிப்பட்ட வலையின் சிக்கலை அளக்க மர அகலம், குழு அகலம் என்று பல அகலங்கள் உண்டு. மர அகலம் சிறிதாயிருந்தால் குழு அகலமும் கட்டுக்குள் நிற்கும். திருப்பிச் சொன்னால் பொய்த்துவிடும்: எல்லாரும் எல்லாரோடும் இணைந்த பெருங்கூட்டத்துக்குக் குழு அகலம் இரண்டுதான், மர அகலமோ மலைபோல் ஏறும். அந்தப் பெருங்கூட்டத்தை மட்டும் விலக்கிவிட்டால், குழு அகலத்தை வைத்தே மர அகலம் எவ்வளவுக்கு மேல் போகாது என்று எலைன் ஒரு புது எல்லை கண்டிருந்தாள். நான்கு வருட உழைப்பு. உலு திராம் வீட்டில் சோறு வேகிற நேரமெல்லாம் அட்ரியன் கேட்டுக் கேட்டுப் பழகிய கணக்கு.

அவள் பேசி முடித்ததும் தேர்வாளர் சந்திரமதி கண்ணாடியைக் கழற்றினார்.

"கல்யாண வீடுன்னு வச்சுக்குங்க, எலைன். மாப்பிள்ளை வீட்டாரு தங்களுக்குள்ள கை குலுக்கல. பொண்ணு வீட்டாரும் அப்படித்தான். ஆனா இந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாரும் அந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாரோடயும் குலுக்குறாங்க. நீங்க விலக்கின கூட்டம் இதுல இல்ல. குழு அகலம் ரெண்டுதான். மர அகலம்?"

எலைன் பலகையையே பார்த்தாள். "ஆள் கூடக் கூட ஏறிக்கிட்டே போகும்."

அட்ரியனுக்கே புரிந்துவிட்டது: அவள் கண்ட எல்லை நிற்காது.

எலைன் துடைப்பானை எடுத்துத் தேற்றத்தின் முதல் வரியை அழித்தாள். "நான் எழுதினது தப்பு, புரொஃபெசர்." தன் பேரைச் சொல்வதுபோல் தெளிவாகச் சொன்னாள். பிறகு நிரூபணத்தை வரிவரியாகத் தொட்டுக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றாள். "இங்கதான் ஓட்டை. ரெண்டு பக்கக் கூட்டத்த விலக்கணும்." எழுதப்போன கை நின்றது. முகம் மலர்ந்தது. "அத விலக்கினா பழைய நிபந்தனையே வேணாம்! பெருங்கூட்டத்தப் பாதியா பிரிச்சா, இது அதுக்குள்ளயே இருக்கு."

ஒரே நிபந்தனை. எலைன் மீதிப் படிகளைப் புதிதாக எழுதிக்கொண்டே போனாள். சந்திரமதி இரண்டு வலைகளைக் கொடுத்து முட்டிப் பார்த்தார். தேற்றம் அசையவில்லை.

"திருத்தி எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டுடுறேன்," என்றார்.

அட்ரியன் வெளியே நடைவழிக்கு வந்து ஆயர் ஈத்தாமில் இருந்த மாமியார் டொரத்திக்குப் போன் போட்டான்.

"பாஸா தம்பி?"

"கொஞ்சம் திருத்தி எழுதணும், மாமி."

"அலமாக்! அப்ப ஃபெயிலா?"

"இல்ல மாமி! முன்ன விட நல்லா வந்திருக்கு. அத்தன பேர் முன்னாடி தப்புன்னு ஒத்துக்கிட்டு, அங்கயே நின்னு சரிபண்ணிட்டா. எங்க கம்பெனில ஒருத்தன் செய்வானா?"

குரல் தானாக உயர்ந்துவிட்டது. நடைவழியில் போன மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை.