பகல் வள்ளி

நாடகம் ராத்திரி இல்லை, பிற்பகல் மூன்று மணிக்கு என்பது கரிப்புகையில் ஓடும் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் பிரகதாம்பாளுக்குத் தெரிந்தது.

"ராத்திரி நாடகம்னுதானே வெத்தலபாக்கு வச்சீங்க?" என்று திருவிழாக் காரியம் பார்க்கும் பழனிச்சாமியிடம் கேட்டாள்.

"ஆமாம்மா. நாலு காஸ் லைட்டும் தயாரா இருக்கு, ஊத்தத்தான் சீமெண்ணெய் இல்ல. கூப்பனுக்குக் குடுக்குறது வீட்டு வெளக்குக்கே காணல. சண்டை முடியிற மட்டும் இப்பிடித்தான்ங்கிறாங்க. சாமிக்கு நேந்துக்கிட்ட நாடகம், நிறுத்தவும் முடியாது."

1944 பங்குனி மாதம் அது. ஊர் இலுப்பூருக்கு மேற்கே இருந்தது. புதுக்கோட்டைக்குத் திரும்பும் பஸ் மறுநாள் காலையில்தான்.

ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஒரே கம்பெனிக்காரர்கள் இல்லை. வள்ளியை ஓர் ஊரிலிருந்தும் முருகனை வேறோர் ஊரிலிருந்தும் நாரதரை இன்னோர் ஊரிலிருந்தும் தனித்தனியே அழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. கதை எல்லாருக்கும் தெரியும். பேச்சு அவரவர் சாமர்த்தியம். பிரகதாம்பாள் இருபத்திரண்டு வருஷமாக வள்ளி. காஸ் லைட் வெளிச்சத்தில், முகம் நிறைய அரிதாரத்தோடு தினைப்புனத்துப் பரணில் ஏறி நின்றால் அவளுக்குப் பதினாறு வயதுதான். உண்மையில் அவளுக்கு நாற்பத்து மூன்று.

அன்றைக்கு நாரதர் அறந்தாங்கி நாகராசு. முப்பது வயதுக்காரன். மேடைத் தர்க்கத்தில் எதிராளியை மடக்கி அழவைப்பான் என்று பேர் வாங்கியவன்.

மேடைக்குப் பின்னால் கீற்றுத் தடுப்புக்குள் உட்கார்ந்து பிரகதாம்பாள் அரிதாரம் பூசினாள். கீற்று இடுக்கு வழியே வெயில் கண்ணாடியில் விழுந்தது. கண்ணோரத்திலும் வாயோரத்திலும் பூச்சு வெடித்துக் கோடு கோடாக நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்தவள், செம்புத் தண்ணீரை எடுத்து முகத்தைக் கழுவிவிட்டாள்.

ஆர்மோனியக்காரர் அடைக்கலம் திடுக்கிட்டார். "வெறும் மூஞ்சியோடவா போறே?"

"பூசுனா பூசுனதுதாண்ணே தெரியுது."

மஞ்சளை மட்டும் தேய்த்து, மையும் பொட்டும் வைத்துக்கொண்டு மேடை ஏறினாள். முன்னால் முழுக்கப் பெண்கள். காட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, பிள்ளைகளை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் நின்ற இளவட்டங்களில் ஒருவன், "வள்ளியோட ஆத்தா வந்துருச்சு. வள்ளி எப்ப வரும்?" என்றான். சிரிப்பு பரவியது. பிரகதாம்பாள் பறவை விரட்டும் பாட்டை எடுத்தாள். குரல் மேலே ஏற மறுத்தது. இரண்டாவது அடியில் பாட்டை நிறுத்தினாள்.

முன்வரிசையில் நரைத்த தலையோடு ஒருத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏந்தாயி, ஒங்க கொல்லையில குருவி வெரட்டுறது யாரு?" என்று மேடையிலிருந்தே அவளைக் கேட்டாள் பிரகதாம்பாள்.

"நாந்தான். வேற யாரு இருக்கா?" என்றாள் அவள். மூக்காயி என்று பேர்.

"எப்பிடி வெரட்டுவே?"

மூக்காயி வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடினாள். பக்கத்தில் இருந்தவள் இடித்ததும், உட்கார்ந்தபடியே தலையைத் தூக்கி நீளமாக ஒரு கூப்பாடு போட்டாள். புளியமரத்துக் காக்கைகள் எழும்பின. பிரகதாம்பாள் அந்தக் கூப்பாட்டை அப்படியே வாங்கி ராகத்தில் ஏற்றினாள். அடைக்கலம் சட்டென்று சுருதியைப் பிடித்துக்கொண்டார். மறுமுறை பெண்கள் எல்லாரும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். பின்னால் சிரித்தவர்கள் அடங்கிப்போனார்கள்.

பிறகு நாகராசு நாரதராக வந்தான். அரைமணி நேரம் தர்க்கம் சரிக்குச் சரியாக நடந்தது. மடக்க வழி கிடைக்காமல், தம்புராவைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிதானமாகக் கேட்டான்:

"பெண்ணே, பதினாறு வயதுக் கன்னி என்று கேள்விப்பட்டு வந்தேன். கண்ணுக்கு அப்படித் தெரியவில்லையே. உன் உண்மையான வயது என்ன?"

அடைக்கலத்தின் விரல்கள் கட்டைமேல் நின்றுவிட்டன.

"நாப்பத்து மூணு, சாமி," என்றாள் பிரகதாம்பாள்.

பரணின் விளிம்புக்கு வந்து நின்றாள்.

"முருகன் வருவாருன்னு பரண்ல ஏறுனப்ப எனக்குப் பதினாறுதான். அவரு இன்னும் வரல. காத்துக்கிடந்தவளுக்கு வயசு ஏறாம இருக்குமா? என்னைய ஏன் கேக்குறீங்க? இவ்வளவு காலம் எங்க போயிருந்தேன்னு அவரைப் போய்க் கேளுங்க."

"அப்பிடிக் கேளு தாயி," என்றாள் மூக்காயி. கூட்டம் கலகலத்தது. பெண்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நாகராசு கைகூப்பி, "கேட்டு வருகிறேன், தாயே," என்று உள்ளே போனான். அடுத்து மேடைக்கு வந்த முருகன் வேஷக்காரன் முதல் வார்த்தையாக, "தாமதித்தது என் பிழை, வள்ளி," என்றான். அந்த ஊர் அவனுக்கும் கை தட்டியது.

மறுநாள் காலை பஸ்ஸில் நாகராசு அவளுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தான்.

"ஒங்களக் குனிய வைக்கணும்னுதான் கேட்டேன், அக்கா. இப்ப ஒங்ககிட்ட பொய் சொல்ல மனசு வரல."

"தெரியும்."

"கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு. அது இல்லாட்டி அந்தப் பதில் வந்திருக்காது."

"சித்திரையில அறந்தாங்கிப் பக்கம் ரெண்டு நாடகம் இருக்கு. ஒங்களத்தான் வள்ளியா கேக்கச் சொல்லலாம்னு இருக்கேன். வாரீங்களா?"

"வாரேன். அங்கிட்டு வந்தும் இதே கேள்வியக் கேக்காதீங்க. வேற எதையாச்சும் கேளுங்க. அதுக்கு நான் என்ன சொல்லுவேன்னு நானும் பாக்கணும்ல."

வயதான வள்ளி வேண்டாம் என்று அந்த வருஷம் மூன்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். ஓர் ஊரில் வெற்றிலைபாக்கு வைத்துவிட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அன்று அவள் சாப்பிடவில்லை. மற்ற ஊர்களுக்கு அவளும் நாகராசும் சேர்ந்து போனார்கள். சண்டை முடிந்து சீமெண்ணெய் தாராளமான பிறகும் மூக்காயியின் ஊரில் மட்டும் நாடகம் பகலில்தான் நடந்தது. பெண்கள் அப்படித்தான் வேண்டும் என்று நின்றார்கள்; பழனிச்சாமி மறுத்துப் பேசவில்லை.