நடுவில் பாடியவள்

ஆர்விட் லிண்ட்கிரன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மூன்றாவது வாரம் அவருடைய பழைய டிஸ்க் பிளேயர் செத்துப்போனது. தட்டை உள்ளே இழுத்துக்கொண்டு கரகரவென்று இரண்டு முறை சத்தம் போட்டது, பிறகு முகப்பிலிருந்த சின்ன விளக்கும் அணைந்துவிட்டது. அவர் மனைவி வெர்னா வெண்ணெய்க் கத்தியால் தட்டை நெம்பி, உள்ளே மாட்டியிருந்த டிஸ்கை மட்டும் உருவி எடுத்தாள். அதை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு சமையலறை மேஜையில் போய் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க வெகு நேரமாயிற்று.

அந்த டிஸ்கில் இருந்தது அவர்கள் மகள் கேரினின் குரல்.

ஆர்விட் முப்பது வருஷம் அமெரிக்காவின் வடகோடியில், டூலூத் நகரத்து வானொலி நிலையம் ஒன்றில் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தவர். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாதம், சர்ச் பாடகர் குழு ஈஸ்டருக்காக ஒத்திகை பார்த்தபோது, நிலையத்திலிருந்து மைக்குகளை இரவல் வாங்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்தார். குழுவைச் சுற்றி நாலு, ஆர்கனுக்கு ஒன்று, தனியாகப் பாடிய கேரினின் முகத்துக்கு நேரே ஒன்று. சும்மா ஒரு பரிசோதனைதான். ஈஸ்டர் அன்று ஒழுங்காகப் பதிவு செய்யலாம் என்றிருந்தார். அதற்கு ஒன்பது நாள் முன்னால், ஏரிக்கரைச் சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்திருந்த பனியில் கேரினின் கார் வழுக்கியது. அவளுக்கு இருபத்திரண்டு வயது.

ஆர்விட் அந்த ஒத்திகையை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு டிஸ்காக அடித்து வைத்தார். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக ஒலி போகிற வகை அது. சாதாரண சி.டி. பிளேயரில் போட்டால் பாடாது. கம்ப்யூட்டர் பிறகு ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. மிஞ்சியது இந்த ஒரு டிஸ்க். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் கோட்டைக் கழற்றாமலே அவர் அதைப் போடுவார். ஆறு நிமிஷப் பாட்டு. அது முடியும்வரை வெர்னா சமையலறையில் எதையாவது கழுவிக்கொண்டிருப்பாள். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது ஆர்விட்டால் பேசவும் முடியாது. அக்டோபரில் வந்த பக்கவாதம் வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டதோடு சொற்களையும் வாரிக்கொண்டு போய்விட்டது. "ஆமா", "இல்ல" இரண்டும் வந்தன, பெரும்பாலும் இடம் மாறி. அது தவிர, வேலையில் எந்திரம் மக்கர் செய்யும்போது முணுமுணுக்கிற கெட்ட வார்த்தை ஒன்று மட்டும் கொஞ்சமும் பழுதில்லாமல் மிஞ்சியிருந்தது. மற்றபடி நாக்கு ஏதாவது ஒரு சொல்லை எடுக்கும், அது தப்பான சொல்லாக இருக்கும், அது தப்பு என்று அவருக்கே தெரியும். அந்தத் தெரிதல்தான் வெர்னாவால் பார்க்க முடியாததாக இருந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "அவருக்குப் பிடிச்ச பாட்டு ஏதாவது போட்டுக் கேக்க விடுங்களேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லா வகை டிஸ்கும் பாடுகிற பிளேயர் ஒன்று பாலத்துக்கு அந்தப் பக்கம் சுப்பீரியர் ஊரில் ஒருவரிடம் விற்பனைக்கு இருந்தது. வெர்னா போய் வாங்கி வந்தாள். ரிமோட் இருந்தது. விளக்கப் புத்தகம் இல்லை. "வயரு ரெண்டு சொருகுனா பாடிரும்மா, அவ்வளவுதான்" என்றார் விற்றவர்.

ஜனவரி மாதத்து ஞாயிறு, காலை பதினொரு மணி. ஆர்விட்டைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வெர்னா தரையில் மண்டியிட்டாள். நாற்பது வருஷத்தில், ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் கொடுக்கிற அவருடைய ஆம்ப்ளிஃபயரை அவள் தொட்டதில்லை. தூசி தட்டக்கூட அவர் விட்டதில்லை. இப்போது அவர் கண்கள் அவள் விரல்கள் போகிற பக்கமெல்லாம் போயின.

பிளேயரின் பின்பக்கம் வரிசையாக வட்டத் துளைகள், கறுப்பு உலோகத்தில் பொடி எழுத்துகள். எதுவும் படிக்க முடியவில்லை. சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று பளிச்சென்று இருந்தன. பழைய பிளேயரிலிருந்து கழற்றிய வயரிலும் சிவப்பும் வெள்ளையும் இருந்தன. சொருகினாள். டிஸ்கில் அவள் விரல் ரேகையும் கொஞ்சம் வெண்ணெயும் ஒட்டியிருந்தது தெரிந்தது. கண்ணாடி ஜன்னல் துடைக்கிற மருந்தை இரண்டு தடவை அடித்து, பாத்திரத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுப் போட்டாள்.

ஆர்கன் எழுந்தது. தெளிவாக, அழகாக, இரண்டு பெரிய ஸ்பீக்கரிலும். வெர்னா அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் பாதி முகத்தால் சிரித்தார். பிறகு கேரின் தொடங்க வேண்டிய இடம் வந்தது. ஆர்கன் மட்டும் நடந்துகொண்டே இருந்தது. குரல் இல்லை. குழு, "விடியட்டும், விடியட்டும்" என்று பதில் சொன்னது, யாரும் கேட்காத கேள்விக்கு. மறுபடியும் ஆர்கன், மறுபடியும் வெறுமை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் மூடிய கதவுகளுக்கு அப்பால் எங்கோ யாரோ பாடுவதுபோல ஒரு நிழல். அவ்வளவுதான்.

வெர்னா டிஸ்கை எடுத்துப் பார்த்தாள். அதன் மேல் மெல்லிய வட்டக் கோடுகள். பாத்திரத் துணி போட்ட கோடுகள்.

"நான் அழிச்சிட்டேன்" என்றாள். "ஆர்விட், நான் அவளத் துடைச்சிட்டேன்."

"இல்ல" என்றார் ஆர்விட். "இல்ல. இல்ல." நாக்கு தடவியது. "நடு."

"என்ன நடு?"

"நடு. நடு… தொப்பி. நடு."

வெர்னா எழுந்துபோய் ஒரு ஸ்பீக்கரை அறையின் நடுவே இழுத்துக்கொண்டு வந்தாள். அது அவளைவிடக் கனமாக இருந்தது. கம்பளம் சுருண்டது, பூந்தொட்டி சாய்ந்தது. ஆர்விட் கண்களை மூடி அந்தக் கெட்ட வார்த்தையைச் சொன்னார். ஸ்பீக்கரைத் திரும்பத் தள்ளிவிட்டு, அவருடைய நாற்காலியை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உருட்டினாள். இன்னும் பலமாக அதே வார்த்தை.

"எனக்குப் புரியலப்பா. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு."

கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. ஆர்விட் இடது கையால் நாற்காலிக் கையை அடித்தார். நாலு அடி, அஞ்சு அடி. கண்ணில் நீர் வழிந்தது. அழுகையா ஆத்திரமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சுப்பீரியர்க்காரருக்கு போன் செய்தாள்.

"சத்தம் வருதுல்ல?" என்றார் அவர்.

"வருது. ஆனா ஒரு ஆளோட குரல் மட்டும் வரல."

"அப்ப பிளேயர் நல்லாத்தான் இருக்கு. வீட்ல அடிச்ச டிஸ்க்கா? அதெல்லாம் இருபது வருஷத்துல வெளுத்துப்போயிரும்மா. ஒண்ணும் பண்ண முடியாது. வேற வாங்கிக்கங்க."

வேற வாங்கிக்கலாம். வெர்னா போனை மேஜையில் வைத்துவிட்டு, பின்கதவைத் திறந்து படிக்கட்டில் போய் நின்றாள். உள்ளே நின்றால் கத்திவிடுவாள் என்று தோன்றியது. கேரினை ஒரு தடவை மண்ணில் இறக்கியது பனியும் சாலையும். இந்தத் தடவை தன் கை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குளிரில் கம்பி உள்ளங்கையை ஒட்டிப் பிடித்தது, அதுகூடத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு லாவோன் தன் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தாள். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவள், வாய் சும்மா இருக்காது.

"ஏ வெர்னா, கோட்டு இல்லாம அங்க என்ன பண்ற? ஊருக்கு ஒரு சிலை வேணும்னு யாராவது கேட்டாங்களா?"

லாவோன் மண்வாரியை வீசிவிட்டு வந்தாள். வெர்னாவின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, நின்றபடியே முழுக் கதையையும் கேட்டாள். கேட்டு முடித்தபோது அவள் முகத்தில் கிண்டல் இல்லை.

"என்ன ஆர்விட், அது என்ன நடு?"

ஆர்விட் கெட்ட வார்த்தையைச் சொன்னார்.

"அது மட்டும் நல்லாத் தெளிவா வருது. வாய்தான் வரல. இன்னொரு கை இருக்குல்ல? வரைஞ்சு காட்டு." மளிகைச் சீட்டைத் திருப்பி ஒரு பலகை மேல் வைத்து, பேனாவை அவர் இடது கையில் சொருகினாள்.

பழகாத கை. முதலில் ஒரு கோணல் பெட்டி. தள்ளி இன்னொன்று. வெகு நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு பெட்டி. அதன் மேல் பேனாவைக் குத்திக் குத்திக் காகிதம் கிழிந்தது.

"மூணு பெட்டி" என்றாள் லாவோன். "உங்க வீட்ல ரெண்டுதான இருக்கு?"

"பழைய வீட்ல நிறைய இருந்துச்சு. அறையச் சுத்தி. நடுவுல ஒண்ணு, அதுலதான் அவ…" வெர்னா நிறுத்தினாள். "இங்க இடமில்லன்னு வித்துட்டோம். அப்புறமும் ரெண்டுலயே நல்லாத்தான பாடிச்சு?"

"அது அவன் ஏதாவது பண்ணி வெச்சிருப்பான். இது புது எந்திரம், இதுக்கு உன் வீட்ல எத்தன பெட்டின்னு எப்படித் தெரியும்? நடுப்பெட்டிக்குப் போற சத்தத்த அது பாட்டுக்கு அனுப்பிட்டுதான் இருக்கும். வாங்கிக்கத்தான் ஆளில்ல."

ஆர்விட், "இல்ல, இல்ல, இல்ல" என்றார். தலை மேலும் கீழும் ஆடியது.

வெர்னா டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்து வந்து தரையில் படுத்தாள். சிவப்பு வெள்ளைக்குப் பக்கத்தில் தனியாகப் பச்சை வளையம் போட்ட ஒரு துளை. அதன் கீழே பூச்சி கால் போலப் பொடியாக ஒரு சொல்: நடு. அதில் எதுவும் சொருகவில்லை.

கை போனது. "மொதல்ல ஆம்ப அணைடி, ஸ்பீக்கர் கிழிஞ்சிரும்" என்று லாவோன் அதட்டினாள். அணைத்தாள். இரண்டு வயரையும் உருவிப்போட்டுவிட்டு, ஒரு வயரை மட்டும் பச்சை வளையத்தில் அழுத்தினாள். மறுபடி போட்டாள்.

ஆர்கன் இல்லை, குழு இல்லை. இடது ஸ்பீக்கரில் ஒரு மூச்சு. தொண்டையைச் செருமுகிற சத்தம். அப்புறம் மெதுவாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்பா, மைக் என் மூக்க இடிக்குது" என்றாள் கேரின்.

இருபது வருஷத்தில் அதை அவர்கள் கேட்டதே இல்லை. ஆர்கனும் குழுவின் சலசலப்பும் சேர்ந்து அதை எப்போதும் மூடியிருந்தன. வெர்னா தரையிலேயே கிடந்தாள், டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

கேரின் பாடினாள். துணைக்கு ஒன்றும் இல்லாமல், வெறும் குரலாக. "யார் இந்தக் கல்லைப் புரட்டுவது?" பிறகு மௌனம். குழு பதில் சொல்ல வேண்டிய இடம் அது. வெற்றாக நீண்டது.

நாற்காலியிலிருந்து அடித்தொண்டைக் குரல் ஒன்று வந்தது. "விடியட்டும், விடியட்டும்."

ஆர்விட்தான். அந்தக் குழுவில் அவர் கடைசி வரிசையில் இருபத்தைந்து வருஷம் பாடியிருந்தார். ஒரு எழுத்துக் குழறவில்லை. கேரின் இரண்டாவது கேள்வியைப் பாடினாள், அவர் இரண்டாவது பதிலைப் பாடினார், முழு வரியாக, எட்டுச் சொல், ஒன்றுகூடத் தவறவில்லை. லாவோன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பாட்டு முடிந்தது. வெர்னா எழுந்து அவர் முன்னால் மண்டியிட்டு, "ஆர்விட், பேசு, ஏதாவது பேசு" என்றாள். அவர் வாயைத் திறந்தார். "தொப்பி" என்றார். முகம் சுருங்கியது. பாட்டோடு சொல்லும் போய்விட்டது.

லாவோன் சும்மா நிற்பவளில்லை. தன் சமையலறையிலிருந்து சின்ன டி.வி.யைத் தூக்கிக்கொண்டு வந்து பிளேயரோடு இணைத்தாள். திரையில்தான் அமைப்புகள் தெரியும் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ரிமோட்டை அமுக்கி அமுக்கி, நடு ஸ்பீக்கர் என்ற இடத்தில் 'இல்லை' என்று வைத்தாள். சுற்றி நிற்பவற்றுக்கும் 'இல்லை'. வயர்களைச் சிவப்பிலும் வெள்ளையிலும் திருப்பிச் சொருகினார்கள். இப்போது எல்லாம் வந்தது. ஆர்கன், குழு, நடுவில் கேரின், எப்போதும் நின்ற இடத்தில். ஆர்விட் கண்ணை மூடிக் கேட்டார். உதடு அசையவே இல்லை.

"எப்படி?" என்றாள் லாவோன், இடுப்பில் கைவைத்து.

ஆர்விட் இடது கையை நீட்டி வயரைக் காட்டினார். "நடு."

"அவருக்கு அவ மட்டும் வேணும் போல" என்றாள் வெர்னா.

"இப்பத்தான இல்லன்னு வெச்சேன். சரி, இருக்குன்னு வெக்கிறேன். இந்த வீட்ல புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் ஒரு முடிவுன்னு கிடையாது." முணுமுணுத்தபடியே லாவோன் எல்லாவற்றையும் பழையபடி மாற்றினாள்.

அன்றைக்கு அந்தப் பாட்டு ஐந்து தடவை ஓடியது. மூன்றாவது தடவை லாவோனும் ஆர்விட்டோடு சேர்ந்து பதில் பாடினாள், சுருதி சேராமல். வெர்னா பாடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். கேள்வி வந்தால் அவருக்குப் பதில் வருகிறது என்பதை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது தடவை முடிந்ததும் பிளேயரை அணைத்தாள். அவர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள். மகளின் மெட்டில், நடுங்குகிற குரலில், "உனக்குக் காபி வேணுமா, ஆர்விட்?" என்று பாடினாள்.

லாவோன் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஆர்விட் மனைவியையே பார்த்தார். நெற்றி நரம்பு புடைத்தது. வெர்னா மறுபடியும் பாடினாள்.

"வேணும்" என்றார் அவர், அடித்தொண்டையில், மெட்டை விடாமல். "வேணும், வெர்னா."

அக்டோபருக்குப் பிறகு அவள் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். பின்னாலிருந்து லாவோன், "எனக்கும் ஒண்ணு. நான் பாட மாட்டேன், பேசியே கேட்டுக்கறேன்" என்றாள்.