எங்கட சனத்துக்குத் தேவையில்லை

விநாயகமூர்த்தியின்ர கையில ஒரு மைக்கைக் குடுத்தால் காணும், மனுசனுக்கு உலகம் மறந்துபோகும். ஊர்ச்சங்கம், கோயில் பரிபாலன சபை, பழைய மாணவர் ஒன்றுகூடல் எண்டு ஸ்காபரோவில அவர் பேசாத மண்டபம் இல்லை. ஆரும் செத்தாலும் இரங்கலுரைக்கு அவர்தான். அப்பிடிப்பட்ட ஆளை நகரசபையும் தேடி வந்ததில புதினம் ஒண்டுமில்லை.

விசயம் இதுதான். மறதி வருத்தக்காரர், பாரிசவாதம் வந்து கை கால் விழுந்தவை, பிறவியிலயே ஏலாதவை எண்டு, தனிய விடேலாத பெரியாக்கள் எத்தினையோ பேர் இருக்கினம். அவைக்கு அடுத்த பத்து வருசத்தில எந்தப் பக்கத்தில என்ன பராமரிப்பு வேணுமெண்டு நகரசபை திட்டம் போட வெளிக்கிட்டது. ஒவ்வொரு சனத்தின்ர பக்கத்திலயும் இருந்து ஒவ்வொருவரை எடுத்து ஒரு ஆலோசனைக் குழுவும் வைச்சது. தமிழருக்கு விநாயகமூர்த்தி.

திட்ட அதிகாரி ரிஃப்கா. கண்டிப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை, சின்னனிலயே கனடாவுக்கு வந்தவள். அவள் தமிழர் கனபேர் இருக்கிற மோர்னிங்சைட் பக்கத்துக்கு ஒரு பகல் பராமரிப்பு நிலையம் வேணுமெண்டு திட்டத்தில போட்டு வைச்சிருந்தாள். காலமை வான் வந்து ஆளை ஏத்திக்கொண்டு போகும். பின்னேரம் கொண்டுவந்து விடும். தமிழ் தெரிஞ்ச வேலையாக்கள், மத்தியானம் சோறு கறி. அதைச் சபைக்கு அனுப்ப முந்தி, எங்கட சனம் என்ன சொல்லுதெண்டு ஒரு கூட்டம் வைச்சுக் கேக்கவேணுமாம். கேட்டது ஆரிட்டை? கட்டின பெண்சாதியை வீட்டுக்குள்ள வைச்சு வெளியால பூட்டிப்போட்டு வந்திருந்த மனுசனிட்டை!

எழும்பினார். போட்டிருந்த கோட்டை இழுத்து விட்டார். இங்கிலீசில வெளுத்து வாங்கினார்.

“எங்கட சனம் பெத்த தாயையும் கட்டின மனுசியையும் வெளியில குடுக்கிற சனமில்லை. எங்கட ஆக்களை நாங்களே பாப்பம். உந்த இடங்களைத் தேவைப்பட்ட ஆக்களுக்குக் குடுங்கோ. எங்கட சனத்துக்கு உது தேவையில்லை.”

மண்டபமே கை தட்டினது. வெள்ளைக்காரர் ரெண்டு பேர் எழும்பி நிண்டு தட்டிச்சினம். மனுசனுக்கு உச்சி குளிர்ந்துபோச்சு.

கூட்டம் முடிய ரிஃப்கா பின்னால ஓடி வந்தாள்.

“அங்கிள், எங்கட ஆக்கள் வெளிய சொல்ல மாட்டாங்க. அதுக்காக வீட்டுக்குள்ள கஷ்டம் இல்லையெண்டு ஆகுமா? வாப்பாவுக்கு மறதி வந்ததை உம்மா ஒருத்தருக்கும் சொல்லாம ஒளிச்சு வெச்சுப் பார்த்தாங்க. கடைசியில உம்மாதான் முந்தி மவுத்தானாங்க.”

“அது உங்கட வீட்டு நிலைமை, பிள்ளை” எண்டிட்டு மனுசன் காரில ஏறிட்டார். பாருங்கோ கொழுப்பை!

அவற்ர வீட்டு நிலைமை என்னெண்டால், கதவைத் திறக்க மனுசி இராஜேஸ்வரி பிரிஜ்ஜைத் திறந்து வைச்சுக்கொண்டு அதுக்கு முன்னால குந்தியிருந்தா. நிலமெல்லாம் பால். கழட்டி எறிஞ்ச சீலை சிங்குக்குள்ள. “ஆர் நீங்கள்? அவர் வீட்டில இல்லை, பிறகு வாங்கோ” எண்டா. ஒரு காலத்தில வங்கிக் கவுண்டரில நிண்டு மனேச்சருக்கே இங்கிலீசில பதில் குடுத்தவ. இப்ப இங்கிலீசு ஒரு சொல்லும் வராது. தமிழ்தான் மிச்சம், அதுவும் துண்டு துண்டாய்.

போன மாரியில ஒருநாள் இரவுச் சட்டையோட வெளிக்கிட்டு, ரோட்டில பஸ்ஸை மறிச்சுக்கொண்டு நிண்டவ. அதுக்குப் பிறகுதான் முன்கதவுக்கு வெளியால பூட்டு. ஆரும் கேட்டால் அவவுக்கு முழங்கால் வருத்தம், நடக்கேலாது எண்டு ஒரு கதை. பக்கத்து நகரம் மார்க்கம், அங்க இருக்கிற மகள் சுபாங்கிக்குத்தான் அரைவாசி தெரியும். “அப்பா, திஸ் இஸ் நொட் ஓகே. டொக்டர் சொன்ன டே ப்ரோக்ராமுக்கு, தமிழ் இல்லாட்டிலும், ஏன் அம்மாவை விடுறீங்கள் இல்லை?” எண்டு போனில அழுவாள். “உன்ர கொம்மாவை நான் பாப்பன். நீ உன்ர வேலையைப் பார்” எண்டு வைச்சிடுவார்.

சும்மா சொல்லக்கூடாது, மனுசன் பாத்ததுதான். குளிப்பாட்டினார், சோறு தீத்தினார், துடைச்சார். ‘மண்டை பிழைச்ச மனுசி’ எண்டு ஒருத்தற்ர வாயிலும் அவ விழுந்திடக்கூடாது எண்டுறதுதான் அவருக்கு. தலை சீவி இழுக்காமல் கடைக்குக்கூடப் போகாதவவை அந்தக் கோலத்தில ஆரும் பாக்கிறதை அவரால தாங்கேலாது. அந்தளவுக்கு ஆசை. அந்தளவுக்கு விசர்.

மாசியில ஒருநாள் விடிய, அவவின்ர மூத்திரத்தைத் துடைக்கக் குனிஞ்சவர் குளியலறையில தலைசுத்தி விழுந்தார். இடுப்பு அசையேல்லை. போன் குசினி மேசையில. கூப்பிட்டுப் பாத்தார். இராஜேஸ்வரி வந்து அவரைக் கடந்து போய்க் கண்ணாடியில முகம் பாத்திட்டு, திரும்பவும் கடந்து போனா. பசிக்குதெண்டு அழுதா. அடுப்பைப் பத்த வைக்கிற சத்தம் கேக்க மனுசனுக்கு உயிரே போச்சு. நல்ல காலம், பத்தேல்லை. மத்தியானம் ஒருமாதிரித் தவண்டு வந்து கதிரையைப் பிடிச்சு எழும்பினார். நான் செத்திருந்தால் இவ இந்தப் பூட்டின வீட்டுக்குள்ள என்ர பிணத்தோட கிடந்து பட்டினியில செத்திருப்பா எண்டு அப்பதான் அவருக்கு உறைச்சது. வாய்விட்டு அழுதார்.

அடுத்தநாள் ரிஃப்காவுக்குப் போன் அடிச்சார்.

“பிள்ளை, அந்த மோர்னிங்சைட் இடம்... எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு வேணும்.”

“அது இப்ப திட்டத்திலயே இல்ல அங்கிள். தமிழ் ஆக்களுக்குத் தேவையில்லையெண்டு நீங்க சொன்ன பொறகு, அத வேற பக்கம் மாத்திட்டாங்க. அங்க தமிழ் பேசற ஆள் ஒருத்தரும் இல்ல.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். “யாருக்கு அங்கிள்? அன்ரிக்கா?”

“ஏதும் செய்யேலாதோ, பிள்ளை?” எண்டு மட்டும் கேட்டார். அவளுக்கு விளங்கிட்டுது.

“புதன்கிழமை சபையில வோட்டு. அதுக்கு முந்திப் பொதுமக்கள் பேசலாம். வந்து உள்ளதச் சொல்லுங்க. வேற யார் சொன்னாலும் எடுபடாது, நீங்க சொன்னதத்தான் தூக்கிப் பிடிக்கிறாங்க. அன்ரியோட யார் நிப்பாங்க?”

“ஆளிருக்கு” எண்டார்.

எங்கத்தை ஆள்? சுபாங்கியைக் கூப்பிட்டிருக்கலாம். பக்கத்து வீட்டு பேபி அன்ரி சும்மாதான் இருக்கிறா. கூப்பிட்டால் காரணம் சொல்ல வேணுமே! புதன்கிழமை காலமை இராஜேஸ்வரிக்குச் சாப்பாடு தீத்தி, ரீவியைப் போட்டுவிட்டு, வழக்கம்போல பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார்.

சபையில கோயில் ஆக்கள் நாலைஞ்சு பேர் இருந்தினம். அவையைக் கண்டதும் திரும்பிப் போவமோ எண்டு யோசிச்சார். ஆனாலும் பேசினார், இந்தமுறை கோட்டை இழுத்துவிடாமல்.

“நான் போனமுறை பொய் சொன்னனான். என்ர மனுசிக்கு மறதி வருத்தம். குளிக்கவும் தெரியாது, மலசலமும் தெரியாது. என்னால ஏலாமல் போச்சு. எனக்குத் தெரிஞ்சே இன்னும் கன வீடுகளில இப்பிடி இருக்கு. அந்த நிலையம் எங்களுக்கு வேணும். தயவுசெய்து திருப்பித் தாங்கோ.”

இந்தமுறை ஒருத்தரும் கை தட்டேல்லை. கோயில் ஆக்கள் நிலத்தைப் பாத்தினம். சபை உறுப்பினர் ஒரு அம்மா, நல்ல மனுசிதான், கண்ணைத் துடைச்சுக்கொண்டு கேட்டா. “உங்களுக்கு நன்றி, ஐயா. இப்ப உங்கட மனைவியோட ஆர் நிக்கினம்?”

அவ ஏன் அப்பிடிக் கேக்கிறா எண்டு மனுசனுக்கு விளங்கேல்லை. தான் கவனமாய்ப் பாக்கிறதைத்தான் கேக்கிறா எண்டு நினைச்சு, கொஞ்சம் நிமிர்ந்தும் சொன்னார். “பயப்பிட ஒண்டுமில்லை. வெளியால வடிவாய்ப் பூட்டிப்போட்டுத்தான் வந்தனான்.”

ரிஃப்கா கையால முகத்தைப் பொத்தினாள்.

அதுக்குப் பிறகு எல்லாம் கெதியில நடந்தது. பூட்டின வீட்டுக்குள்ள நெருப்புப் பிடிச்சால் அந்த மனுசிக்கு என்ன கதி? கேட்ட பிறகு சும்மா இருக்கேலாது, அது அவையின்ர கடமை. ஒருத்தர் மெல்ல வந்து விலாசம் கேட்டார், இன்னொருத்தர் போனோட வெளியில போனார். ரிஃப்கா அவரைத் தன்ர காரில ஏத்திக்கொண்டு பறந்தாள். வழியில அவளுக்கு மெசேஜ் வந்தது. திட்டம் அப்பிடியே நிறைவேறிட்டுது. மோர்னிங்சைட்டை அடுத்த மீளாய்வில கவனிப்பினமாம்.

வீட்டு வாசலில தீயணைப்பு வண்டி, பொலிஸ், அம்புலன்ஸ். முன்கதவு பிளந்து கிடந்தது. பேபி அன்ரி உட்பட முழுத் தெருவும் பனிக்குள்ள நிண்டு பாத்துக்கொண்டிருந்தது. இராஜேஸ்வரி தலை இழுக்காமல், ஒரு கம்பளியைச் சுத்திக்கொண்டு அம்புலன்ஸுக்குள்ள இருந்தா. காயம் ஒண்டுமில்லை.

சமூக சேவையாளர் ஒருத்தி மெல்லமாய்த்தான் சொன்னாள். இப்ப ஆஸ்பத்திரி. திருப்பி வீட்டை விடேலாது. எந்த முதியோர் இல்லத்தில கட்டில் வருதோ அங்க போகவேணும், தூர இடமாயும் இருக்கலாம். தமிழ் தெரிஞ்ச ஆக்கள் இருப்பினமோ? அதுக்குத் தன்னால வாக்குக் குடுக்கேலாதாம்.

“நானும் கூடப் போறன்” எண்டு விநாயகமூர்த்தி அம்புலன்ஸ் படியில கால் வைச்சார்.

அவரைக் கண்டதும் இராஜேஸ்வரி சுவரோட ஒட்டிக்கொண்டு கத்தத் தொடங்கினா. கனகாலத்துக்குப் பிறகு முழு வசனமாய், தெளிவான தமிழ். அம்புலன்ஸ்காரப் பெட்டைக்கு ஒண்டும் விளங்கேல்லை. “என்ன சொல்லுறா?” எண்டு அவரையே கேட்டாள்.

அம்புலன்ஸுக்குக் கிட்ட அவரை விட்டால் தமிழ் தெரிஞ்சது ரிஃப்காவுக்கு மட்டும்தான். அவள் வாயைத் திறக்கேல்லை. என்ன பொய்யும் சொல்லியிருக்கலாம். மனுசன் படியில வைச்ச காலை எடுத்தார்.

“நான் ஏறக்கூடாதாம்” எண்டார். “தன்னைப் பூட்டி வைக்கிற ஆளாம் நான். தன்ர வீட்டுக்காரர் வந்து தன்னைக் கூட்டிக்கொண்டு போவாராம். அவர் வருமட்டும் என்னைக் கிட்ட விடவேண்டாமாம்.”

அந்தப் பெட்டை சரியெண்டு தலையாட்டிப்போட்டுக் கதவைச் சாத்தினாள்.